அத்தியாயம் 3: சாவியைப் படித்த பிறகு கருவி வாங்குங்கள்

பாலக்கோடு கடைவீதியில் ஏதாவதொரு இரும்புச் சாமான் கடையில் ஏறி, "ஒரு பூட்டு குடுங்கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே பூட்டை எடுக்க மாட்டார். "எதுக்கு தம்பி? ரூமுக்கா, கேட்டுக்கா, மோட்டார் கொட்டாய்க்கா?" என்று திருப்பிக் கேட்பார். பூட்டு எங்கே தொங்கப்போகிறது என்று தெரியாமல் பூட்டு விற்கக்கூடாது என்பது அவருக்குத் தொழிலில் ஊறிய விஷயம். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் மோட்டார் கொட்டாய்க்கு ஒரு பூட்டு, தக்காளி மண்டியின் ஷட்டருக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு.

சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பழகும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் இந்தக் கடைக்காரரிடம் பாடம் கேட்கலாம். ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இணையத்தில் 24 கருவிகள் அடங்கிய கறுப்புப் பை ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். அது வந்த பிறகுதான் வீட்டில் எந்தப் பூட்டு சும்மா கிடக்கிறது என்று தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். என் பையிலிருந்த 24-ல் 17 கருவிகள் இன்றுவரை ஒரு பூட்டுக்குள்ளும் போனதில்லை. போன ஏழிலும் மூன்று வளைந்துவிட்டன. மிச்சம் நான்கு. ஆகவே இந்த அத்தியாயத்தில் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பூட்டைப் பற்றியும், பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சாவியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் இரண்டு விதிகள். உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பவை இவை. ஒன்று, உங்களுக்குச் சொந்தமான பூட்டில், அல்லது உரியவர் வாய்திறந்து சம்மதம் சொன்ன பூட்டில் மட்டுமே கைவைக்க வேண்டும். இரண்டு, பயன்பாட்டில் உள்ள பூட்டில் கைவைக்கவே கூடாது, அது உங்கள் வீட்டுக் கதவாகவே இருந்தாலும். இரண்டாவது விதியைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. கருவியின் முனை முறிந்து பூட்டுக்குள் சிக்கி, சொந்தச் சாவியும் உள்ளே போகாமல், இரவு ஒன்பது மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்த அனுபவம் எனக்கு இருப்பதால் நான் சிரிப்பதில்லை.

சாவி சொல்லும் சேதி

வீட்டில் கிடக்கும் பழைய சாவிக்கொத்தை எடுத்து மேசையில் பரப்புங்கள். பெரும்பாலும் நான்கு வகை இருக்கும்.

முதல் வகை, தட்டையான சாவி. ஒரு விளிம்பில் மட்டும் மலையும் பள்ளமுமாக வெட்டு இருக்கும். உடம்பு நெடுகச் சிறு வாய்க்கால் ஓடும். இது பின் பூட்டின் சாவி. நமக்கு வேண்டியது இதுதான்.

இரண்டாம் வகை, உருண்டைத் தண்டும் நுனியில் கொடிபோல ஒரு தகடும் அதில் படிப்படியான வெட்டுகளும் உள்ள சாவி. இது லீவர் பூட்டுக்குரியது. இரும்பு பீரோவிலும் பழைய கதவுகளிலும் கனத்த தொங்கு பூட்டுகளிலும் பார்க்கலாம். மூன்றாம் வகை, இரண்டு விளிம்பிலும் வெட்டு உள்ள மெல்லிய சாவி. மேசை இழுப்பறை, இருசக்கர வாகனம் போன்றவற்றில் வரும். உள்ளே பின்னுக்குப் பதிலாக மெல்லிய தகடுகள் இருக்கும். நான்காம் வகை, தட்டைப் பக்கத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் உள்ள சாவி. அதை இப்போது மூடி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? இணையத்தில் விற்கும் ஆரம்பநிலைக் கருவிப்பைகள் எல்லாமே முதல் வகைக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861-ல் காப்புரிமை பெற்ற பின் பூட்டுதான் அந்த நாட்டின் கதவுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. அங்கே உருவான கருவிகளும் அதையொட்டியே அமைந்தன. நம் ஊர்க் கதை வேறு. தமிழ்நாட்டில் பூட்டு என்றால் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உயிர் லீவரில் இருக்கிறது. இரும்புத் தகட்டை வெட்டி, லீவர்களை அராவி, கையாலேயே பொருத்தும் வேலை அது. அங்கே புகழ்பெற்ற மாங்காய்ப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 24 துண்டுப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினால் எதுவும் தட்டுப்படாது. லீவர் பூட்டில் தாழ்ப்பாளை நகர்த்தும் விசையும், லீவர்களைத் தூக்கும் விசையும் ஒரே துவாரத்தின் ஆழத்தில் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கான கருவியின் அமைப்பே வேறு. "வாங்கின செட்டு சரியில்லைண்ணா" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கையில் இருந்தது லீவர் பூட்டு. செட்டின் மீது குற்றமில்லை.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஒரு பூட்டு. பித்தளை உடம்புள்ள, 40 அல்லது 50 மில்லிமீட்டர் அகலத் தொங்கு பூட்டு. அலிகாரில் செய்து வருகிற சாதாரணச் சரக்கே போதும். விலை குறைவாக இருப்பது இங்கே நல்லதுதான். வாங்கும்போது பூட்டைவிடச் சாவியைக் கூர்ந்து பாருங்கள். வெட்டுகள் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஆழமான பள்ளத்துக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக ஒரு மலை நின்றால் அந்தப் பூட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: முன்னால் தாழ்ந்து தொங்கும் பின்னைத் தாண்டிப் பின்னாலிருப்பதைத் தூக்குவது புதியவருக்குப் பெரும்பாடு. ஒரே மாதிரிப் பூட்டு ஐந்தாறைத் திறந்து சாவியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவனைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அவரிடமே பழைய, சாவி தொலைந்த பூட்டுகளும் கிடைக்கலாம்.

இடது கையில் இருப்பது

கருவி என்றதும் எல்லோரும் கேட்பது வளைந்த நுனியுள்ள பிக்கைப் பற்றி. நான் முதலில் சொல்ல விரும்புவது இன்னொன்றை: எல் வடிவில் மடங்கிய ஒரு சாதாரணத் தகடு. டென்ஷனர் என்பார்கள். செட்டு விற்கிறவர்கள் இதை ஒன்றோ இரண்டோ ஓரமாகப் போட்டுத் தருவார்கள். ஆனால் தொடங்கும் காலத்தில் பூட்டுத் திறப்பதும் திறக்காததும் பெரும்பாலும் இதன் கையில்தான்.

ஏன் என்று புரிய, பூட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சாவி நுழையும் உள் உருளையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கீழ்ப் பின், அதன்மேல் ஒரு மேல் பின், அதற்கும் மேல் ஒரு ஸ்பிரிங். மேல் பின்கள் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளிக்கூட்டிலும் நிற்பதால் உருளை திரும்பாது. சரியான சாவி எல்லாப் பின்களையும் அளவாகத் தூக்கும்போது, இரண்டு பின்களும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றாகிறது, உருளை திரும்புகிறது. துளைகள் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருந்தால் சாவியில்லாமல் திறக்கும் வித்தையே இருந்திருக்காது. எந்தப் பட்டறையிலும் அப்படித் துளைக்க முடியாது. ஒன்று மயிரிழை இந்தப்பக்கம், ஒன்று அந்தப்பக்கம். ஆகவே உருளையை மெல்லத் திருப்ப முயன்றால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகும். அதைத் தூக்கினால் நிற்கும். பிறகு அடுத்தது இறுகும். இந்த "மெல்லத் திருப்ப முயல்வது" டென்ஷனரின் வேலை. பிக் தூக்குகிறது, அவ்வளவே.

1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், சப் நிறுவனத்தின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து ஊரை அதிரவைத்தார். அடுத்து, பிக்காடில்லி தெருக் கடைச் சன்னலில் பல்லாண்டுகளாகச் சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டு. 18 தகடுகள் கொண்ட அதைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் பரவி 51 மணி நேரம் பிடித்தது. 200 கினி பரிசும் கிடைத்தது. அப்போது அவர் பூட்டின் அருகே மரத்தில் ஒரு சாதனத்தைத் திருகி இறுக்கிவைத்து, உள்ளே விசை தளராமல் பார்த்துக்கொண்டார். பிராமா தரப்பு அதை ஆட்சேபித்ததும் உண்டு. எனக்கு அந்தச் சம்பவத்தில் பிடித்தது இந்தப் பகுதிதான். உலகின் பேர்போன பூட்டுத் திறப்பாளரும் தூக்கும் கம்பியைக் கையில் பிடித்தார், விசை கொடுக்கும் கருவியை மட்டும் கைக்கு விடாமல் மரத்தில் அறைந்து வைத்தார்.

நல்ல டென்ஷனருக்கு மூன்று குணங்கள் வேண்டும். துவாரத்துக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். பிக் போக வழிவிட வேண்டும். கொடுக்கிற விசையைத் தன் உடம்பிலேயே விழுங்காமல் உருளைக்குக் கடத்த வேண்டும். மலிவான செட்டுகளில் வரும் டென்ஷனர் மூன்றிலும் தோற்கும். ரொம்ப மெல்லியதாக இருந்து வில் மாதிரி வளையும். விரலுக்குக் கிடைக்க வேண்டிய சேதியை அந்த வளைவு தின்றுவிடும்.

இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். பின்கள் மேலே இருக்கும்படி பூட்டைப் பிடித்தால், துவாரத்தின் அடிப்பகுதியில் நுழைவது ஒன்று. இதன் பாதம் 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம். மேல்பகுதியில், பின்களுக்கு முன்னால் உள்ள இடுக்கில் கடித்து உட்காருவது இன்னொன்று. இது தட்டையான கனத்த பட்டை. பாதம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பின்னைப் போய் இடித்துக்கொண்டு நிற்கும். அடியில் வைக்கும் வகை பழக எளிது, ஆனால் பாதித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். மேலே வைக்கும் வகை நழுவி நழுவி விழுந்து எரிச்சல் மூட்டும். பழகிவிட்டால் திரும்பிப் போக மனசு வராது. மேல் வகையில் 0.8, 1.0, 1.2 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று இருந்தால் பெரும்பாலான பூட்டுகளுக்குச் சரியாக வரும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? பாலக்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மண்டியில் தக்காளிக் கூடையில் கைவிட்டுப் பழத்தின் பக்குவம் பார்க்கிறவரின் கட்டைவிரலைக் கவனியுங்கள். பழம் குழியக்கூடாது, ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அந்த அழுத்தம்தான். புதியவர்கள் நல்ல பழத்தைக் கூழாக்குகிற விசையில் தொடங்குவார்கள். அப்போது எல்லாப் பின்களும் ஒரேயடியாக இறுகும், பிக்கால் முட்டித் தூக்குவார்கள், பிக் வளையும். பிக் வளைந்தால் பிக்கைத் திட்டாதீர்கள், இடது கையைப் பாருங்கள்.

பிக்: மூன்று போதும்

நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த ஹூக் ஒன்று. இதுதான் பிரதானம். நூறு விதமாக விற்றாலும், தாழ்ந்த வளைவுள்ளது ஒன்று, கொஞ்சம் உயர்ந்தது ஒன்று என இரண்டு வாங்கினால் ஒவ்வொரு பின்னாகத் தேடித் தூக்கும் வேலைக்குப் போதும். நுனி உருண்டையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் பின்னில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, அலையலையாக இரண்டு மூன்று மேடுள்ள ரேக். உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் சில பூட்டுகள் தாமே திறக்கும். முதல் வாரத்தில் ஒரு பூட்டு "க்ளக்" என்று திறந்தால் கிடைக்கும் உற்சாகத்துக்காக மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன். ரேக்கோடு நின்றுவிட்டவர்கள் பூட்டைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. நுனி முக்கோணமாக உள்ள ஹாஃப் டைமண்டைச் சிலர் விரும்புவார்கள். செட்டில் வந்தால் இருக்கட்டும், தேடிப்போய் வாங்க வேண்டாம். நுனியில் உருண்டை உள்ளது, பாம்பு போன்றது, இரட்டை உருண்டை உள்ளது எல்லாம் பையின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

அணுகுண்டு ஆய்வு நடந்த காலத்தில் லாஸ் அலமோஸில் பூட்டுகளைத் திறந்து சக விஞ்ஞானிகளைக் கதிகலங்க வைத்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பின் பூட்டுக்குத் தேவையென்று விவரித்தது ஒரு திருப்புளியையும் வளைத்த காகித கிளிப் கம்பியையும்தான். அவ்வளவு சிக்கனம் வேண்டாம். ஆனாலும் 24 வேண்டியதில்லை.

வடிவத்தைவிடக் கனம் முக்கியம். பிக்குகள் பெரும்பாலும் 0.38, 0.46, 0.64 மில்லிமீட்டர் என்ற கனங்களில் வருகின்றன. அமெரிக்கத் துவாரங்கள் அகலமானவை என்பதால் அங்கே 0.64 சாதாரணம். நம் கடைகளில் கிடைக்கும் சிறிய தொங்கு பூட்டுகளின் துவாரம் நெளிவும் குறுகலுமாக இருக்கும், அதில் 0.64 உரசும். உரசினால் பின் சொல்வது கேட்காது. கடையில் நின்றுகொண்டு எப்படி அளப்பது? இருசக்கர மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜை நினைத்துக்கொள்ளுங்கள். விசிறிபோல விரியும் அந்த இரும்பு இதழ்களில் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். பூட்டின் துவாரத்தில் மிக நெருக்கமான இடுக்கில் எந்த இதழ் உரசாமல் போய்வருகிறது என்று பாருங்கள். 0.65 தாராளமாகப் போனால் கனமான பிக் வாங்கலாம். அது எளிதில் வளையாது. 0.50-க்கே திணறினால் 0.46 அல்லது 0.38. ஒரு ஃபீலர் கேஜ் சொந்தமாக வாங்கிவைப்பது நல்லது. வண்டி ஓட்டுகிற வீட்டில் அது வீணாகாது.

பொருள் பற்றி ஒரே வரி: சுருள்வில் எஃகு அல்லது கடினமான ஸ்டெயின்லெஸ். விரலால் லேசாக வளைத்துவிட்டால் திரும்ப நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் அது வெறும் தகரம். கைப்பிடி உருண்டு திரண்டு அழகாக இருக்க வேண்டியதில்லை. பஞ்சுபோன்ற தடித்த ரப்பர் கைப்பிடி அதிர்வைக் குடித்துவிடும். நான் கைப்பிடியே இல்லாத பிக்கின்மேல் சைக்கிள் டியூப் துண்டைச் செருகி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் சவுத்ஆர்ட், பீட்டர்சன், கனடாவின் ஸ்பாரோஸ், ஜெர்மனியின் மல்டிபிக் ஆகியவை இந்தத் துறையில் பெயர்பெற்றவை. வாங்க முடிந்தவர்கள் இவர்களிடம் தனித்தனிக் கருவியாக ஐந்து வாங்கலாம். அஞ்சல் செலவும் சுங்க வரியும் கருவி விலையையே தாண்டக்கூடும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

பட்டறையில் செய்துகொள்வது

ஒரு ஆக்ஸா பிளேடை எடுத்து அளந்து பாருங்கள்: 300 மில்லிமீட்டர் நீளம், சுமார் 12.5 அகலம், ஏறக்குறைய 0.65 கனம். கனமான பிக்கின் அளவு அப்படியே கையில் இருக்கிறது. ஆனால் எல்லா பிளேடும் ஒன்றல்ல. முழுக்கக் கடினமாக்கிய பிளேடு கண்ணாடி மாதிரி முறியும். பல் ஒரு எஃகு, முதுகு வேறொரு வளையும் எஃகு என இரண்டையும் ஒட்டவைத்த பை-மெட்டல் பிளேடைக் கேட்டு வாங்குங்கள். அதுவே நமக்கானது. தேய்ந்த பிளேடும் போதும். லேத் பட்டறையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கிடைக்கும்.

வேண்டிய வடிவத்தை வெள்ளைத் தாளில் உண்மை அளவில் வரைந்து பிளேடின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் சாணையில் பல்லை முழுவதும் தேய்த்து எடுங்கள். கண்ணாடி போடாமல் சாணைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், "ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று சொல்லிக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள். மூன்று எண்ணும் நேரம் தேய்த்தால் உடனே தண்ணீரில் முக்க வேண்டும். விரலால் பிடிக்க முடியாத அளவு சூடாகிவிட்டால் அதுவே எச்சரிக்கை. எஃகில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் விறைப்பு போய்விட்டது. அந்தத் துண்டை டென்ஷனராக மாற்றலாம், பிக்காக ஆகாது. தண்டின் உயரம் 2.5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் சாணையை விட்டு அரத்துக்கு வாருங்கள். அவசரப்பட்டு அதற்கும் கீழே மெலித்தால் முதல் நாளே முறியும்.

பிறகு உப்புத்தாள். 220, 400, 800, கடைசியில் 1000. கடையில் வாங்கிய மலிவு பிக்கையும் இப்படித் தேய்க்கலாம், தேய்க்கத்தான் வேண்டும். அச்சில் வெட்டிய பிக்கின் ஓரத்தில் ரம்பம் போன்ற பிசிறு இருக்கும். அதை அரை மணி நேரம் உட்கார்ந்து வழவழப்பாக்கினால் விலை உயர்ந்த கருவிக்கும் அதற்கும் உள்ள தூரம் பாதியாகக் குறையும். இந்த நூலில் நான் சொல்லும் யோசனைகளில் காசு செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான்.

டென்ஷனருக்குப் பழைய வைப்பர் பிளேடு. லாரி, பேருந்து, கார் எதுவானாலும், ரப்பரின் இருபுறமும் நீளவாக்கில் ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை ஓடும். ரப்பர் தேய்ந்ததும் மெக்கானிக் கடைகள் தூக்கிப்போடுவது அது. ஃபீலர் கேஜோடு ஒப்பிட்டுக் கனத்தைத் தெரிந்துகொண்டு, 8 அல்லது 9 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, வைஸில் கவ்வி, நுனியை மடக்கினால் டென்ஷனர் தயார். சூடு காட்டாமல் மெதுவாக மடக்குங்கள். சில பட்டைகள் செங்கோணத்துக்கு வருவதற்குள் ஒடிந்துவிடும். இரண்டு மூன்று துண்டு வீணாகும் என்று எதிர்பார்த்தே வெட்டுங்கள். சைக்கிள் கம்பி 2 மில்லிமீட்டர் உருண்டை. அதன் நுனியைச் சுத்தியால் தட்டி அராவி ஒப்பேற்றலாம், ஆனால் அது உள்ளே உருளும். அவசரத்துக்கு ஆகும்.

வாங்க வேண்டாதவை

துப்பாக்கி போல விசை அழுத்தும் பிக் கன், தட்டித் திறக்கும் சாவிகள், பெட்டி நிறைய "எல்லாப் பூட்டுக்கும்" என்று எழுதிய சாவிக்கொத்து, கடன் அட்டை வடிவில் மடித்துவைக்கும் செட்டு. முதல் மூன்றும் கற்றுத் தராது. நான்காவது கையில் நிற்காது. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பயிற்சிப் பூட்டைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனசு. உள்ளே என்ன நடக்கிறது என்று குழந்தைக்கும் புரியவைக்கும். ஆனால் துளைகள் அவ்வளவு தளர்வாக இருப்பதால் எதைச் செய்தாலும் திறக்கும், கண்ணை நம்பிக் கை சோம்பேறியாகிவிடும். செட்டோடு இலவசமாக வந்தால் ஒருநாள் பார்த்துவிட்டு வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாகக் கதவு வேலை செய்யும் ஆசாரியிடம் சொல்லிவையுங்கள். புதுக் கதவுப் பூட்டு மாற்றும்போது கழற்றிப்போடும் பழைய சிலிண்டர் கிடைக்கும். அதைப் பிரித்து, பின்களை எடுத்து, ஒன்றே ஒன்றை மட்டும் போட்டுப் பழகத் தொடங்கலாம். பிறகு இரண்டு, மூன்று. இதைவிட நல்ல பயிற்சிப் பூட்டு விலைக்குக் கிடைக்காது. பிரிக்கும்போது தரையில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளிப்போனால் தேடிக் கிடைப்பது அபூர்வம்.

பழைய பூட்டு கைக்கு வந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது. செய்யாதீர்கள். எண்ணெய் புழுதியைக் கூட்டிவைத்துப் பிசினாகும். போதாக்குறைக்கு 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாலக்கோட்டில் குளியலறைப் பாட்டிலே கட்டியாக நிற்கும்போது பூட்டுக்குள் பின் எப்படி அசையும்? பென்சில் முனையைச் சீவிய கரித்தூள் சிட்டிகை போதும்.

கருவி எங்கே இருக்க வேண்டும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவு, அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீடு உடைத்தலில் சேர்க்கிறது. திறந்தது கடப்பாரையாலா, மெல்லிய கம்பியாலா என்பது அங்கே கேள்வியில்லை. இரவில் செய்தால் தண்டனை கூடும். உங்கள் மேசையில் உங்கள் பூட்டைத் திறப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் உங்கள் சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்புப் பை வெளியே வந்தால், ரோந்துக் காவலரிடம் லைனஸ் யேல் கதையிலிருந்து தொடங்கி விளக்க வேண்டியிருக்கும். கருவிகள் வீட்டில் இருக்கட்டும். வெளியே எடுத்துப் போவதென்றால் பயிற்சிப் பூட்டும் அதன் சாவியும் கூடவே இருக்கட்டும்.

சட்டத்தைவிடச் சின்ன ஊரில் பேச்சு வேகமாகப் போகும். வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். என் அம்மா முதலில் பயந்தார். பிறகு சாவி தொலைந்த பழைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அது லீவர் பூட்டு. திறக்க முடியவில்லை. கடைசியில் சாவி போடுகிறவரைத்தான் கூப்பிட்டோம். அவர் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டு, என் 24 துண்டுப் பையை ஒருமுறை புரட்டிப் பார்த்து, "இதுல எதுனா ஒண்ணு பூட்டுக்கு ஆகுமா தம்பி?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தவை அவரே அராவிய இரண்டு கம்பிகள்.

முதல் மாலை

இப்போது உங்களிடம் இருக்க வேண்டியவை: ஒரு பித்தளைப் பூட்டு, இரண்டு ஹூக், ஒரு ரேக், மூன்று டென்ஷனர், ஒரு ஃபீலர் கேஜ், கொஞ்சம் உப்புத்தாள். பூட்டை வைஸில் லேசாகக் கவ்வுங்கள். தாடைக்கும் பித்தளைக்கும் நடுவே டியூப் துண்டு வையுங்கள். வைஸ் இல்லாவிட்டால் உள்ளங்கையே போதும்.

பிக்கைத் தொடாமல் டென்ஷனரை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எது ஆடவில்லை, எது நழுவவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டென்ஷனரை எடுத்துவிட்டு, ஹூக்கை மட்டும் கடைசிவரை உள்ளே விட்டு, பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். விசையில்லாதபோது எல்லாப் பின்னும் ஸ்பிரிங் போலத் துள்ளும். நான்கா ஐந்தா? சாவியில் உள்ள பள்ளங்களை எண்ணிச் சரிபாருங்கள். கணக்கு ஒத்துப்போகும்வரை திறக்க முயல வேண்டாம். எனக்கு அது ஒத்துவர மூன்று மாலைகள் ஆயின. கடைசிப் பின்னை நான் பூட்டின் பின்சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.